முதற் கம்பம் யார் தலையில்?



சில மாதங்களுக்கு முன் ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு புதுவீடு மந்திரிக்கப் போயிருந்தேன். இளம் குடும்பம், கைக்குழந்தையோடு மூன்று பேர். பெரிய வளவொன்று பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்குமாகப் பிரிந்து, அதிலும் சில துண்டுகள் கைமாறி, நடுவே ஓர் ஒழுங்கை விட்டுக் கட்டப்பட்ட முதல் வீடு அது. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். விறாந்தையில் விசிறிக்குக் கொழுவியும் போட்டிருந்தார்கள். விசிறி மட்டும் இன்னும் பெட்டிக்குள் இருந்தது. தீர்த்தம் தெளித்து முடிக்கும்போது அறைகளுக்குள் இருட்டு இறங்கிவிட்டது. லாம்பு வெளிச்சத்தில்தான் தேநீர் குடித்தோம். கீழே துறைமுகப் பக்கத்தில் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

"கறண்ட் எப்போது வரும்?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் அலுமாரியிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து வந்து நீட்டினார். மதிப்பீட்டுக் கடிதம். ஒழுங்கையின் வாயிலில் நிற்கும் கடைசிக் கம்பத்திலிருந்து அவருடைய வீடு வரைக்கும் நாலு கம்பம், கம்பி, கூலி என்று கணக்குப் போட்டிருந்தது. கூட்டுத் தொகை அவருடைய ஏழெட்டு மாதச் சம்பளம்.

"நகையை வைத்தாவது கட்டிவிடுவேன் சுவாமி. ஆனால் இந்த ஒழுங்கையில் இன்னும் ஐந்து காணி கிடக்கிறது. நான் கட்டி முடித்த பிறகு ஐந்து பேரும் அதே போஸ்றிலிருந்து கறண்ட் எடுப்பார்கள். எனக்கு ஒரு சதமும் வராது. அது சரியா?"

"பெரிய மனது பண்ணுங்கள், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வீதிக்கு வந்ததும் அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. அந்த மனிதர் என்னிடம் ஆறுதல் கேட்கவில்லை. நியாயம் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல இந்த வாரம் முயல்கிறேன்.

முதலில் அந்தக் கடதாசியை விளங்கிக்கொள்வோம். மின்சாரம் கேட்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே லைன் போகுமானால் ஒரு நிலையான இணைப்புக் கட்டணத்தோடு காரியம் முடியும். லைன் எட்டத்தில் நின்றுவிட்டதானால், அதை நீட்டுவதற்கு மதிப்பீடு தயாராகும். கேட்டவர் அதைக் கட்ட வேண்டும். 1969 நவம்பர் 1 ஆம் திகதி இலங்கை மின்சார சபை தொடங்கியதன் பின் சட்டங்கள் பலமுறை மாறியுள்ளன. 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மின்சாரச் சட்டம், கேட்பவருக்கு மின்சாரம் வழங்குவதைக் கடமையாக்கிய அதே கையோடு, அதற்காக ஏற்பட்ட நியாயமான செலவை அவரிடம் அறவிடவும் இடம் கொடுத்தது. 2024 இல் வந்த சட்டம் சபையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது. பெயர்ப்பலகை எப்படி மாறினாலும், லைனை நீட்டும் செலவு எவர் தலையில் விழ வேண்டும் என்ற கேள்வி மாறுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். காசு கட்டினவருக்குக் கம்பம் சொந்தமாவதில்லை. அது விநியோகிப்பவரின் சொத்து. நாளைக்கு அதில் வேறொருவருக்கு இணைப்புக் கொடுக்க அவர்கள் நம்மைக் கேட்க வேண்டியதில்லை.

"கம்பம் எதற்கு, ஒரு நீளமான வயரை இழுத்துவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். போதாது. 230 வோற்றில் வரும் மின்சாரம் மெல்லிய வயரில் தூரம் போகப்போக வழியிலேயே அழுத்தத்தை இழக்கும். கடைசி வீட்டில் விளக்கு மங்கும்; குளிர்சாதனப் பெட்டி இயங்கத் திணறும். ஆகவே தடித்த கம்பியும் அதைத் தாங்கும் கம்பங்களும் வேண்டும். இன்னும் தூரமானால் ஒரு ட்ரான்ஸ்போமரே வேண்டும். இந்தச் செலவின் இயல்பு விசித்திரமானது. ஒரு வீட்டுக்காக நட்ட நாலு கம்பம் ஆறு வீட்டுக்கும் போதும். அரைக் கம்பம் நட முடியாது. தேவைப்படுவது ஒருவருக்கு என்றாலும் செலவு முழுச் செலவுதான்.

மின்சாரக் கந்தோரின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஊரை விட்டு ஒதுங்கிக் காட்டோரத்தில் விடுமுறை பங்களா கட்டிக்கொண்டு, "இங்கேயும் லைன் இழுத்துத் தா" என்றால், அந்தச் செலவை மாதாமாதம் பில் கட்டும் கூலித் தொழிலாளியின் தலையில் ஏற்றலாமா? செலவை உண்டாக்கியவர் செலவைச் சுமப்பது முறைதான். ஆனால் அதே முறையை முழுதாகக் கடைப்பிடித்தால் என்னவாகும் என்றும் எண்ணிப் பாருங்கள். திருகோணமலைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? 1950 இல் இயங்கத் தொடங்கிய லக்சபான போன்ற மலைநாட்டு நீர்மின் நிலையங்களிலும், நுரைச்சோலை போன்ற இடங்களிலும் பிறந்து, அநுராதபுரம் வழியாக 132 கிலோவோற்று கம்பியில் இத்தனை மைல் தூரம் வருகிறது. அந்தத் தூரத்துக்கென்று நம்மிடம் தனிக் காசு எவரும் கேட்பதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே கட்டணப் பட்டியல். கொழும்பில் இருப்பவரும் மூதூரில் இருப்பவரும் ஒரே வகைப் பாவனைக்கு ஒரே விலை கொடுக்கிறார்கள். அநுராதபுரம் தொடக்கம் ஒழுங்கை வாயில் வரைக்கும் "நாம் எல்லாரும் ஒரு குடும்பம்". வாயிலிலிருந்து வீட்டுப்படி வரைக்கும் "உன் பாடு உனக்கு". எங்கேயாவது ஓரிடத்தில் கோடு கிழிக்கத்தான் வேண்டும். கோடு கிழித்ததை நான் குறை சொல்லவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதே என் கவலை.

கணக்குக்காகச் சொல்வோம்: லைனுக்கு ஆறு இலட்சம். ஒழுங்கையில் ஆறு காணி. ஆறு பேரும் ஒன்றாகப் போனால் ஆளுக்கு ஓர் இலட்சம். முதலாமவர் தனியே போனால் அவருக்கு ஆறு இலட்சம். பின்னால் வரும் ஐவருக்கும் நிலையான இணைப்புக் கட்டணம் மட்டுமே. இதைத் தெரிந்த புத்திசாலி என்ன செய்வான்? காத்திருப்பான். ஒழுங்கையில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். கடைசியில் எவரால் காத்திருக்க முடியாதோ அவர் போய்க் கட்டுவார். கைக்குழந்தை உள்ளவர், வாடகை வீட்டிலிருந்து எழுப்பப்பட்டவர், தையல் மெசினில் சீவிக்கும் விதவைத் தாய், ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ளவர். வெளிநாட்டிலிருந்து காணி வாங்கிப் போட்டவருக்கு அவசரம் இல்லை. அவர் பத்து வருடம் பொறுப்பார். ஆகவே இந்த ஏற்பாட்டில் செலவைச் சுமப்பவர் செலவை உண்டாக்கியவர் அல்லர், பொறுத்திருக்க இயலாதவர். எங்கும் எழுதப்படாத இந்த விதியைத்தான் என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

அரிஸ்டோட்டிலைப் பின்பற்றிப் புனித தோமாஸ் அக்குவினார் நீதியை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் இடையே கொடுத்ததும் பெற்றதும் சமமாக இருக்கச் செய்வது பரிமாற்ற நீதி. பொதுவானதை, அவரவர் நிலைக்கேற்ற அளவில் அங்கத்தவர்களுக்குப் பகிர்வது பகிர்வு நீதி. குருமடத்தில் இதைப் படித்தபோது வெறும் பரீட்சை வினாவாகவே எனக்குத் தெரிந்தது. அந்த மதிப்பீட்டுக் கடிதத்துக்கு முன் இப்போது அது உயிர் பெறுகிறது. கந்தோர் செய்வது என்ன? ஆறு பேருக்குப் பகிர வேண்டிய சுமையை, ஒரு கடைக்காரன் சாமான் விற்பதுபோல, "கேட்டவன் நீ, கட்டுபவன் நீ" என்று ஒருவருக்கு விற்றுவிடுகிறது. பகிர்ந்தளிக்கும் வேலையை அது அயலவரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறது.

அப்படியானால் அயலவர் கடன்பட்டவரா? "நான் அவரைக் கம்பம் நடச் சொன்னேனா? அவர் தன் தேவைக்கு நட்டார். அதனால் எனக்கு நன்மை வந்தால் நான் என்ன செய்ய?" இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அமெரிக்க மெய்யியலாளர் றொபேட் நொசிக் 1974 இல் வெளியிட்ட நூலில் இதே வாதத்தை ஓர் ஒலிபெருக்கியைக் கொண்டு விளக்கினார். அயலவர்கள் ஓர் ஒலிபெருக்கி பூட்டி, நாளுக்கு ஒருவராகப் பாட்டும் செய்தியும் கதையும் போடுகிறார்கள். 138 நாள் நீங்கள் கேட்டு ரசித்தீர்கள். இப்போது உங்கள் முறை. ஒரு நாளை அதற்குக் கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவரா? இல்லை என்றார் நொசிக். ஒலிபெருக்கியோடு வாழ்ந்து பழகிய நம்மவர்களுக்கு அவர் சொல்வது உடனே விளங்கும்! திருவிழாக் காலத்தில் விடியற்காலை நாலு மணிக்குக் காதுக்குள் வந்து விழுகிற பாட்டுக்கு எவராவது நம்மிடம் காசு கேட்டால் நாம் விடுவோமா?

ஆனால் மின்கம்பம் ஒலிபெருக்கி அல்ல. பாட்டு கேளாமலே வந்து காதில் விழுகிறது. மின்சாரம் அப்படி வீட்டுக்குள் விழுவதில்லை. விண்ணப்பம் நிரப்பி, கையொப்பமிட்டு, வயர்மனைப் பிடித்து, மீற்றர் பூட்டி நாமே போய் எடுக்கிறோம். எடுக்கும்போது அந்தக் கம்பத்துக்குக் காசு கட்டினவர் எவர் என்பதும் நமக்குத் தெரியும். விரும்பி எடுத்த நன்மைக்கும் வேண்டாமலே வந்த நன்மைக்கும் வித்தியாசம் உண்டு. ஆகவே என் துணிபு இது: காணியை வெறுமனே போட்டு வைத்திருப்பவர் இன்றைக்கு எதுவும் தர வேண்டியதில்லை. இணைப்பு எடுக்கும் அன்று, அல்லது "கறண்ட் வசதி உண்டு" என்று விளம்பரம் போட்டுப் பேர்ச்சுக்கு விலை ஏற்றி விற்கும் அன்று, அவர் தன் பங்குக்குக் கடனாளி. சட்டம் கேட்காவிட்டாலும் கடனாளி. தன் வளவுக்கு மேலால் வயர் போக விடமாட்டேன் என்று பிரதேச செயலாளர் வரைக்கும் இழுத்தடித்துவிட்டு, லைன் வந்ததும் முதலாளாக விண்ணப்பிக்கிறவரும் இருக்கிறார். அவரைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையைச் சிலர் எனக்கு நினைவூட்டக்கூடும். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முதலில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கப்பட்டதே. பின்னால் வந்தவர் இலேசாகப் பெறுவதைப் பார்த்து முதலாமவர் ஏன் பொறாமைப்பட வேண்டும்? மத்தேயு 20 ஆம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். அந்தத் தோட்டக்காரன் தன் பணப்பையிலிருந்து தாராளம் காட்டினான். முதலில் வந்தவனுடைய கூலியில் பிடித்துக் கடைசியில் வந்தவனுக்குக் கொடுக்கவில்லை. ஒழுங்கையில் நடப்பது இரண்டாவது காரியம். அன்றிரவு நான் சொன்ன "பெரிய மனது" என்ற பதிலும் அதே பிழைதான். இன்னொருவர் பணத்தில் தாராளமாக இருக்க எனக்கு எவர் உரிமை தந்தார்?

இந்த வருத்தம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1930 களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பத்துக் கமக்காரரில் ஒருவருக்குத்தான் மின்சாரம் இருந்தது. தனியார் கம்பனிகள் லைனுக்கு மைலுக்கு 2,000 டொலர் அளவில் கேட்டன. 1935 மே மாதத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் கிராம மின்மயமாக்கலுக்கென ஒரு நிருவாகத்தை அமைத்தார். கமக்காரர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சிறு அங்கத்துவப் பணம் கட்டி, அரசாங்கக் கடனில் தாங்களே லைன் இழுத்தார்கள். முதலில் யார் என்ற கேள்வியே அங்கே எழவில்லை, எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தபடியால். பிரித்தானியாவில் வேறு வழி. ஒருவர் செலவில் லைன் வந்து, குறித்த காலத்துக்குள் இன்னொருவர் அதில் சேர்ந்தால், பின்னவரிடம் பங்கை அறவிட்டு முன்னவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்தக் காலம் முன்பு ஐந்து வருடம். 2017 இல் பத்தாக்கினார்கள். கந்தோரில் ஒரு கொப்பியும் ஒரு கணக்குப்பிள்ளையும் இருந்தால் செய்யக்கூடிய காரியம். இங்கே கட்டணங்களை மேற்பார்வை செய்ய 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மின்கட்டணத்தை மாற்றும்போது அது பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். யூனிற் விலையைப் பற்றி எழுதும் நம்மில் எவராவது ஒழுங்கையின் இரண்டாம் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறோமா?

அதுவரைக்கும் ஒழுங்கைக்காரர் தாங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விண்ணப்பிக்கும் முன் காணிக்காரர் எல்லாரையும் தேடிப் பிடித்து, மொத்தச் செலவையும் அவரவர் பங்கையும், இணைப்பு எடுக்கும்போதோ விற்கும்போதோ அதைக் கொடுப்பதாகவும் எழுதி, ஒரு சமாதான நீதவான் முன் கையொப்பம் வைப்பது. பழைய காசின் பெறுமதி குறைவதையும் அதில் கணக்கெடுக்க வேண்டும். 2022 ஐக் கண்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இதைச் சொல்வதற்காக நான் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். அவர் ஏற்கெனவே ஒரு கொப்பியில் ஐந்து காணிக்காரரின் பெயரையும் எழுதி வைத்திருந்தார். கனடாவில் இருப்பவர் தொலைபேசியில் சரி என்றாராம். பக்கத்துக் காணி ஆசிரியை உடனே கையொப்பம் வைத்துவிட்டார். ஒருவர் "வீடு கட்டும்போது பார்ப்போம்" என்றார். ஒருவரை இன்னும் பிடிக்க முடியவில்லை. ஐந்தாவது பெயரைக் காட்டும்போது அவருக்குச் சற்றுக் கூச்சம். அது ஒரு கோயிலுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட துண்டு.

அந்தக் கோயிலின் நிதிக் குழுவில் எனக்கும் ஓர் இடம் உண்டு. சென்ற கூட்டத்தில் விஷயத்தை எடுத்தேன். "கட்டட நிதிக்குச் சேர்த்த காசை இன்னொருவர் வீட்டுக் கம்பத்துக்குக் கொடுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். "நமக்கு அங்கே இப்போது அவசரம் இல்லையே" என்றார் இன்னொருவர். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் நகையை அடைவு வைத்துக் காசைக் கட்டிவிட்டார்.