மூலப்படையும் கறுத்தப் பாலமும்

பழகிய வீரரைப் படையில் நிறுத்திவைப்பது கூலியா, மதிப்பா என்ற கேள்வி பழையது. திருக்குறளின் 77ஆம் அதிகாரமான படைமாட்சி இதைத் தொடுகிறது. தோல்வி நெருங்கும்போதும் கலங்காத உறுதி வழிவழியாக வரும் படைக்கே உண்டு என்கிறது அது. உரையாசிரியர்கள் இதை மூலப்படை என்பர். கூலிப்படை, துணைப்படை முதலிய மற்ற ஐந்தும் அதற்குப் பின்னேதான். ஆட்குறைவு, ஆறாத வெறுப்பு, வறுமை ஆகிய மூன்றும் இல்லாத படையே வெல்லும் என்பதும் அங்கே உண்டு. தப்பியோடிய படையினருக்கு இலங்கை அரசு பலமுறை பொதுமன்னிப்பு அறிவித்ததை அறிந்தவருக்கு அந்த மூன்றும் வெறும் ஏட்டுச் சொற்கள் அல்ல.

நிலைத்து நிற்கும் வீரர் பலர் இருந்தும் தலைமக்கள் இல்லையேல் அது படையே அல்ல என்று அதிகாரம் முடிகிறது. தளபதிகளை மட்டும் தலைமக்களாகக் கொள்வது போதாது. பத்துப் பேரை நடத்தும் கோப்ரலும் சார்ஜன்ட்டும் அந்தச் சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

ஏன் என்பதைச் செங்கலடி காட்டும். மட்டக்களப்பு–திருகோணமலை வீதியோடு பதுளை வீதி சேரும் சந்தி அது. பதுளை வீதியில் இருக்கும் கறுத்தப் பாலம், அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் புலிகள் வசமிருந்த கரடியனாற்றுப் பக்கத்துக்கும் நடுவே சோதனைக் கடவையாக இருந்தது. சைக்கிளில் தயிர் முட்டிகளைக் கட்டிக்கொண்டு வருபவர் இத்தகைய கடவையில் தளபதியைக் காண்பதில்லை, கோப்ரலைத்தான் காண்கிறார். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவர் கையில் கொடுக்கிறாரா, மேசையில் எறிகிறாரா என்பதில்தான் அரசு எப்படிப்பட்டது என்று அந்த மனிதருக்குத் தெரிகிறது. பதறாத கை சில மாதப் பயிற்சியில் வராது.

ஆனால் அனுபவம் தன்னளவில் அறம் ஆகிவிடாது. பல ஆண்டு துப்பாக்கியோடு நின்றவர் பொறுமையைப் பழகியிருக்கலாம், கொடுமையையும் பழகியிருக்கலாம். செங்கலடிக்கு அடுத்த வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 1990 செப்டெம்பர் 5 அன்று 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. மூலப்படையைப் புகழும் நூல் மரபு களத்து உறுதியை அளந்தது. நிராயுதபாணியின் முன் படைவீரன் எப்படி நடந்தான் என்பதை அந்த அளவுக்குள் சேர்க்கவில்லை. இது பெரிய குறை.

பழகிய வீரரை நிறுத்திவைக்கும் கேள்வி இன்றும் தீரவில்லை. 2022 ஜூனில் இந்தியா அறிவித்த அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டு முடிந்ததும் 25 சதவீதத்துக்கு மேற்படாதோரே நிரந்தரப் படையில் தொடர்வர். சார்ஜன்ட்டுக்கு நிகரான ஹவில்தார் ஒருவர் உருவாக அதைவிடப் பல ஆண்டு வேண்டும் என்பது அதன் மீதான முக்கிய ஆட்சேபம். இலங்கையோ 2,00,783 பேர் கொண்ட இராணுவத்தை 2030க்குள் 1,00,000 ஆகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்தது. பாதிப் பேர் போகும்போது எஞ்சுவோர் யார் என்பது கணக்குப் பிரச்சினை மட்டுமல்ல. சேவை ஆண்டுகளைப் பதிவேடு சொல்லும். அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்று சொல்லக்கூடியவர்கள், பாலத்தைக் கடந்தவர்கள், கரடியனாற்றிலும் செங்கலடியிலும் இன்னும் இருக்கிறார்கள்.