முன்கண்ணாடியில் மாதா, ஆலயத்தில் மனைவி

நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டி வெளியே வரும் லாரிகளில் பலவற்றின் நெற்றியில் மோகனூர்க் காவல் தெய்வமான நவலடியானின் பெயர் இருக்கும். இடையிடையே சிலவற்றில் ஒரு சிலுவை, வேளாங்கண்ணி மாதா படம், இயேசுவின் பெயர் ஆகியவையும் தெரியும். அந்த வண்டி நாக்பூருக்கோ சூரத்துக்கோ போகும்போது மாதா கூடவே போகிறார். ஓட்டுநர் ஊர் திரும்பியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்துக்குப் போவதென்னவோ அவருடைய மனைவிதான். சேலம், நாமக்கல் சமவெளியில் சி.எஸ்.ஐ. சேகரமானாலும், கத்தோலிக்கப் பங்கானாலும், தகரக் கூரை போட்ட பெந்தெகொஸ்தே சபையானாலும் பெரும்பாலும் இதே நிலைதான். ஆணும் பெண்ணும் தனித்தனிப் பக்கம் உட்காரும் வழக்கம் பல ஆலயங்களில் இன்னும் இருப்பதால் குறை நேராகவே கண்ணில் படுகிறது. பெண்கள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் முன்னால், பள்ளிப் பிள்ளைகள் பின்னால், நடுவில் காலி பெஞ்சுகள். இருபத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்கள் எங்கே என்று ஆயர்கள் பிரசங்கத்தில் கேட்பதுண்டு. அந்தக் கேள்வி காதில் விழுவது வந்திருப்பவர்களுக்கு மட்டும் என்பதால் பதில் கிடைப்பதில்லை.

சட்டென்று சொல்லப்படும் விளக்கம், ஆண்களுக்குப் பக்தி குறைவு என்பது. பியூ ஆய்வு மையம் 2016-இல் 192 நாடுகளின் கணக்கைத் தொகுத்தபோது, தமக்கு ஒரு மதம் உண்டு என்பவர்கள் பெண்களில் ஏறத்தாழ 83 சதவீதம், ஆண்களில் 80 சதவீதம் என்று வந்தது. பெரிய இடைவெளி இல்லை. அதே ஆய்வின் வேறொரு முடிவுதான் கவனிக்கத்தக்கது: வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போவதில் கிறிஸ்தவர்களிடையே பெண்கள் முந்துகிறார்கள், முஸ்லிம்களிடையே ஆண்கள் வெகுவாக முந்துகிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா ஆணுக்குக் கடமை, பெண்ணுக்குக் கட்டாயமில்லை என்ற விதி கணக்கைத் தலைகீழாக்குகிறது. அப்படியானால் ஆணின் வருகையைத் தீர்மானிப்பதில் அவனுடைய பிறவிக் குணத்தைவிட, சமயம் அவனிடம் என்ன கேட்கிறது என்பதற்குப் பங்கு அதிகம். உலகக் கணக்குகூட வேண்டாம். கார்த்திகையில் மாலை போட்டு 41 நாள் விரதம் காப்பவனும், தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பவனும், ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவனும் பெரும்பாலும் இந்த நடுவயது ஆண்தான். மூன்றாமவன் பல சமயம் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன். அத்தனை தூரம் கால் கொப்பளிக்க நடப்பவன் தெருமுனைக் கோவிலுக்கு வர யோசிக்கிறான் என்றால், குறையைப் பக்தியில் தேடுவது வீண்.

இரண்டாவது விளக்கம் மேற்கிலிருந்து வந்தது. திருச்சபையின் பாட்டும் பேச்சும் அலங்காரமும் பெண்மை கலந்துவிட்டன, ஆண்கள் அதனால் கூசுகிறார்கள் என்கிறது. அமெரிக்கரான டேவிட் மர்ரோ 2005-இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சார்ல்ஸ் கிங்ஸ்லி, தாமஸ் ஹியூஸ் போன்றோர் உடல் வலுவும் விளையாட்டும் கலந்த ஆண்மைக் கிறிஸ்தவத்தை முன்வைத்ததும் இதே கவலையில்தான். அங்கே அது எவ்வளவு பொருந்துமோ தெரியாது, தமிழ்நாட்டில் ஒட்டாது. இறைவனைக் காதலனாகவும் தன்னைக் காதலியாகவும் வைத்துப் பாடிய நம்மாழ்வாரையும், அழுது உருகிய மாணிக்கவாசகரையும் ஆண்மை குறைந்தவர்கள் என்று இந்த மண்ணில் யாரும் சொன்னதில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், கிருஷ்ண பிள்ளை முதலிய கிறிஸ்தவப் புலவர்கள் அந்த உருக்கத்தின் வழியேதான் தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டை வளர்த்தார்கள். அழுகை நம் பக்தி மரபில் ஆணுக்கும் சொந்தம். ஞாயிறு காலையில் கித்தார் வாசிப்பைக் கூட்டுவதாலோ, இளைஞர்களுக்குக் கிரிக்கெட் போட்டி வைப்பதாலோ அந்த நடுப் பெஞ்சுகள் நிரம்பப் போவதில்லை.

என் கணிப்பு வேறு. திருச்சபை ஆணுக்குப் பதவியை வைத்திருக்கிறது, வேலையை வைக்கவில்லை. பதவிக்கு வர முடியாத ஆண், அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் காணிக்கை போட்டுப் போகிறவன் மட்டும். இதை விளங்கிக்கொள்ள இந்தச் சமவெளியின் பிழைப்பைப் பார்க்க வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறியவன் கர்நாடகம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று துளை போட்டுக்கொண்டே மாதக்கணக்கில் வெளியே இருக்கிறான். நேஷனல் பர்மிட் லாரிக்கு ஞாயிறு என்று ஒரு நாள் கிடையாது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி இரவிலும் ஓடுகிறது. கோழிப் பண்ணையில் தீவனமும் முட்டை எடுப்பதும் நாள் பார்ப்பதில்லை. வாரம் முழுக்க ஊரில் இருந்து ஞாயிறு ஓய்ந்திருக்கும் ஓர் ஆணை மனத்தில் வைத்து வகுத்ததுதான் ஆலயத்தின் வழிபாட்டு அட்டவணை. அரசு ஊழியரும் ஆசிரியரும் அதற்குள் அடங்குவார்கள், மற்றவர்கள் விளிம்பில்தான் நிற்க முடியும்.

பெண்களும்தான் தறியில் நிற்கிறார்கள், பண்ணையில் வேலை செய்கிறார்கள், அவர்கள் எப்படி வருகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களைத் திருச்சபை நூறாண்டுக்கும் மேலாக வீடு தேடிப் போய்ச் சந்தித்திருக்கிறது. மிஷன் காலத்தில் வேதாகம ஸ்திரீகள் எனப்பட்ட பெண் ஊழியர்கள் தெருத்தெருவாகப் போனார்கள். அதன் தொடர்ச்சிதான் வார நாளில் கூடும் பெண்கள் ஐக்கிய சங்கமும், வீட்டு ஜெபமும், வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டமும். அங்கே ஒரு பெண் தன் கடனை, பிள்ளையின் படிப்பை, மாமியாரின் நோயைப் பெயர் சொல்லிப் பேசலாம், மற்றவர்கள் அதற்காக முழங்காலிடுவார்கள். ஆணுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. கொஞ்சம் கசப்பாகச் சொன்னால், அந்தக் கூட்டங்களில் அவனும் வருகிறான், ஜெபக் குறிப்பாக: கணவர் குடியை விட வேண்டும், கணவர் மனந்திரும்ப வேண்டும். டாஸ்மாக் காலத்தில் அந்த ஜெபங்களுக்குக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தன்னை ஒரு விண்ணப்பமாக மட்டுமே அறிந்திருக்கும் கூட்டத்துக்குள் அவன் ஆளாக நுழைவது கடினம். மோகனூர் நவலடி கோவிலில் கோரிக்கையைச் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டு வருகிறவனுக்கு இந்தத் தயக்கம் தேவைப்படுவதில்லை. அவன் என்ன எழுதினான் என்று ஊருக்குத் தெரியாது.

ஆணுக்கென்று ஒதுக்கப்பட்டது கமிட்டி. சேகரக் கமிட்டி, பங்குப்பேரவை, திருமண்டலக் கவுன்சில், பொருளாளர், செயலாளர். சி.எஸ்.ஐ.யில் ஓட்டுப் போடவும் போட்டியிடவும் சந்தா ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும், திருவிருந்தில் பங்கெடுப்பவராக இருக்க வேண்டும். ரிக் வண்டிக்காரன் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடுவான். போட்டியிடுபவர்களுக்கும் இதனால் நன்மை விளைந்ததாகச் சொல்ல முடியாது. தென் மாவட்டத் திருமண்டலங்களின் தேர்தல் சண்டை நீதிமன்றம் வரை போய், நிர்வாகியாக ஓய்வு பெற்ற நீதிபதி நியமிக்கப்படும் அளவுக்கு வந்தது ஊரறிந்த செய்தி. தோற்ற அணி ஆலயத்தை விட்டு ஒதுங்குகிறது, வென்ற அணி வரவுசெலவில் மூழ்குகிறது. கடன்பட்டவனின் நிலை இன்னும் சங்கடமானது. விசைத்தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியவன், ஃபைனான்ஸில் வண்டி எடுத்துத் தவணை தவறியவன், கடன் கொடுத்தவர் முன்வரிசையில் உட்கார்ந்து வேதபாடம் வாசிப்பதைக் கேட்க வரமாட்டான். அந்தஸ்தை வைத்து ஆணை அளக்கும் இடத்துக்கு, அந்தஸ்து சரிந்த நாளில் அவனால் வர முடிவதில்லை.

இவற்றோடு அரசு போட்ட ஒரு முடிச்சும் உண்டு. இதைப் பற்றித் திருச்சபை மேடையில் பேசுவதேயில்லை. 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய பட்டியல் சாதியார் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். பிள்ளைகளின் சாதிச் சான்றிதழோ பெரும்பாலும் தகப்பனின் சான்றை ஒட்டியே வருகிறது. எனவே அருந்ததியர், ஆதி திராவிடர் குடும்பங்களில் தாய் சபைக்குப் போவதும் தகப்பன் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறாமல் நிற்பதும் அலட்சியத்தால் நேர்வது என்று சொல்லிவிட முடியாது. பிள்ளையின் கல்லூரி இடத்துக்காக அந்த வீடு செய்த ஏற்பாடாகவும் அது இருக்கலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புதுச்சேரி வழக்கில் தகப்பன் இந்து, தாய் கிறிஸ்தவர். குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற மகள், அரசுப் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்டார். அவர் ஆலயத்துக்கு ஒழுங்காகப் போய்வருவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆலயத்துக்குப் போவதே எதிர்ச்சாட்சியாகும் நாட்டில், ஓர் ஏழைத் தகப்பனின் காலி பெஞ்சைப் பக்திக் குறைவு என்று படிப்பது கொடுமை. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் இந்தத் தகுதியைக் கிறிஸ்தவ ஆதி திராவிடர்களுக்கும் நீட்டிக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. முடிவு ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது.

வேலை கொடுத்தால் மட்டும் ஆண்கள் வந்துவிடுவார்களா, சோம்பலுக்குச் சாக்குத்தானே இது என்று சொல்பவர்கள் ஒரு சாவு வீட்டைப் பார்க்கட்டும். குழி வெட்டவும், பந்தல் போடவும், பெட்டி தூக்கவும் ஞாயிறு காணாத ஆண்கள் அத்தனை பேரும் நிற்பார்கள். சப்பரம் தூக்கவும், அசனத்துக்கு அண்டாவில் சோறு வடிக்கவும், ஆலயக் கூரைக்குக் கான்கிரீட் போடவும் அழைக்காமலே வருவார்கள். ஆணை வேலையின் வழியே சந்திப்பதற்கு நாமக்கல் மாவட்டமே ஒரு முன்னுதாரணத்தை வைத்திருக்கிறது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு கொல்லிமலையில் குடியேறிய ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியர் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். ஜெஸ்ஸி பிரசங்கியாக மட்டும் இருக்கவில்லை. மருந்து கொடுத்தார், வீடு கட்டினார், தச்சுவேலை கற்றுக்கொடுத்தார், பயிர் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார். 1929-இல் காய்ச்சலில் இறந்தார். தொழுநோய் அறுவை மருத்துவராக வேலூரில் புகழ்பெற்ற பால் பிராண்ட் 1914-இல் பிறந்து அந்த மலையில் சிறுவயதைக் கழித்த அவர்களுடைய மகன். மலைவாசி ஆணுக்கு அந்த மனிதரோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தது, பேச்சு அதற்கு இடையில் நடந்தது. அந்த வேலைகளில் ஒரு வெள்ளைக்காரரின் மேலாண்மையும் கலந்திருந்ததை நான் மறக்கவில்லை. ஆனாலும் சுவிசேஷங்களுக்கு அந்த முறை நெருக்கமானது. பேதுருவை இயேசு வலைக்கருகில் சந்தித்தார், மத்தேயுவை வரி வசூலிக்கும் சாவடியில். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டே பேசினார்.

பெண்கள் தரப்பிலிருந்து எழும் மறுப்புதான் கடினமானது. மேடையும் கணக்கும் காலங்காலமாக ஆண்கள் கையில் இருக்க, பெருக்குவதும் பாடுவதும் ஜெபிப்பதும் பெண்கள் மேல் விழுந்திருக்க, இப்போது ஆண்களின் மனக்குறைக்கும் திருச்சபை கவலைப்பட வேண்டுமா? சி.எஸ்.ஐ. பெண்களைக் குருக்களாக்கத் தொடங்கி 2013-இல்தான் முதல் பெண் பேராயரைக் கண்டது. கத்தோலிக்கத்தில் அந்தப் பேச்சே எடுபடாது. இந்தக் கோபம் முழுக்கச் சரி. நான் சொல்வதும் அதன் மறுபக்கம்தான்: அதிகாரம் சில ஆண்களிடம் குவிந்திருப்பதே மற்ற ஆண்களை வெளியே தள்ளுகிறது. கமிட்டி இடங்களைப் பெண்களோடு பாதிக்குப் பாதி பகிர்ந்தால் ஆண்கள் இன்னும் குறைவார்கள் என்று அஞ்சுபவர்களுக்கு, இப்போது வராதவர்களில் எத்தனை பேர் கமிட்டிக்காக ஏங்குகிறார்கள் என்று விசாரித்துப் பார்க்கச் சொல்வேன்.

ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைக்கும் ஆணைத் தேடிப் போவது திருச்சபைக்குத் தெரியாத வித்தையல்ல. கடலோடிகளுக்கென்று ஆங்கிலிக்கர்கள் 1856-இலும் கத்தோலிக்கர் 1920-இல் கிளாஸ்கோவிலும் தனி ஊழியம் தொடங்கினார்கள். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் கப்பலில் வந்து இறங்கும் மாலுமிக்குத் தங்கவும் வீட்டோடு பேசவும் இடம் கொடுக்க ஆளிருக்கிறது, அவன் எந்தச் சபை என்று கேட்காமல். பிரான்சில் 1940-களில் சில பாதிரியார்கள் தொழிற்சாலை வேலைக்கே போனார்கள். 1954-இல் வத்திக்கான் நிறுத்தியது, 1965-இல் மறுபடி அனுமதித்தது. நாமக்கல்லின் பட்டறைப் பகுதியிலோ திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் நிற்கும் சாலையோரத்திலோ அப்படி ஓர் அறை எடுக்கப் பெரிய தொகை வேண்டியதில்லை. வண்டி ஊர் திரும்பும் நாளில் குளிக்க இடம், தவணைக் கணக்கைப் புரிந்துகொள்ள ஒருவர், குடியை விட நினைப்பவனுக்குக் கூட்டம், கேட்டால் ஜெபம், இவ்வளவுதான். அதற்கு ஆயர் ஞாயிறு தவிர்த்த ஓர் இரவைக் கொடுக்க வேண்டியிருக்கும். கமிட்டியோ, சந்தா கட்டாத, அடுத்த தேர்தலில் ஓட்டும் இல்லாத ஆட்களுக்காக வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தொகையை ஒதுக்க வேண்டியிருக்கும்.