கொல்லாது விளைத்த ஊன்

தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலை அடிவாரத்தைச் சார்ந்த சிற்றூரொன்றிற் பிறந்து, இளமையிலேயே சமயதீக்கை பெற்று, இப்போது சிங்கப்பூரிற் பணிபுரியும் அன்பரொருவர் நமக்கு ஒரு வினா விடுத்துள்ளார். அந்நகரில் நண்பர் ஒருவர் இல்லத்து விருந்தில் கோழியூன் கலந்த உணவு படைக்கப்பட்டதாம். "இதன்பொருட்டுக் கோழி எதுவும் கொல்லப்பட்டிலது, உமது விரதத்திற்குக் குறைவில்லை" என்று நண்பர் வற்புறுத்த, அவரும் ஒரு கவளம் உண்டனராம். உண்டபின் நெஞ்சு அமைதியுறவில்லை. கொலையில்லாத ஊன் சைவர்க்கு ஆகுமா என்பது அவர் வினா. நகைத்து விலக்கத்தக்க வினாவன்று இது.

முதற்கண் அப்பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். விலங்கு அல்லது பறவையின் உடலினின்று மிகச் சிறிய கூறொன்றை எடுத்து, அதன் உயிரணுக்களைப் பிரித்து, சர்க்கரை, உப்பு, அமினோ அமிலம் முதலியன கரைந்த நீரில், உடற்சூட்டை ஒத்த வெப்பத்தில், எஃகுக் கொப்பரைகளிற் பெருக்குவர். 2013-ல் நெதர்லாந்து நாட்டறிஞர் மார்க் போஸ்ட் என்பார் இவ்வாறு விளைத்த மாட்டூனை இலண்டனிற் சமைத்துக் காட்டச் செய்தனர். 2020-ல் சிங்கப்பூர் அரசு, உலகில் முதன்முதலாக, இவ்வகைக் கோழியூனை விற்க இசைவளித்தது. 2024-ல் அங்குக் கடையில் விற்பனைக்கு வந்த பண்டத்திற் கோழியணு நூற்றுக்கு 3 பங்கே. எஞ்சியது பெரும்பாலும் தாவரப் புரதம். நம் நாட்டிலும் 2019-ல் ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்றியல் ஆய்வு மையத்திற்கும் தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையத்திற்கும் இதன்பொருட்டு மத்திய அரசின் பொருளுதவி கிடைத்தது. நிலமும் நீரும் குறையச் செலவாகும் என்பர் இதனைப் போற்றுவோர். கொப்பரைகளை இயக்கும் மின்னாற்றல் எவ்வழி வருகின்றது என்பதைப் பொறுத்தே அக்கூற்று நிற்கும்.

இனி, அக்கொப்பரையில் வளர்வது உயிரோ? உயிரணு என்னும் பெயர்கண்டு மயங்கற்க. ஆகமங்கள் ஆன்மாவை அணு என வழங்குவது, ஆணவமலத்தால் அதன் வியாபகம் மறைப்புண்டு சிறுமையுற்றமை பற்றியேயாம். ஈண்டுக் கூறப்படும் அணுவோ மாயையின் காரியமாகிய உடம்பின் ஒரு கூறு. வளர்தலொன்றே ஆன்மா உண்மைக்குச் சான்றாகாது. நகமும் மயிரும் வளர்கின்றன. சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் உடம்பு, பொறி, பிராணன் முதலியவற்றின் வேறாக ஆன்மாவை நிறுவினமையும் நினைக்கத்தக்கது. ஆயினும் முருங்கைப் போத்தை வெட்டி நட்டால் அது தனிமரமாகின்றதன்றோ? ஆங்கு ஓருயிர் தன் வினைக்கீடாக அதனை உடம்பாகக் கொள்கின்றது என்றே நாம் கூறுவோம். அங்ஙனமாயின் கொப்பரையணுவினும் ஓருயிர் புகுதல் கூடாதோ எனின், கூடுமென்றே கொள்வோம். கொள்ளினும், நரம்பும் மனமும் இல்லாத அவ்வுயிர் ஓரறிவின் மேற்பட்டதாகாது. கீரையைக் கொய்து உண்பார் அதுபற்றி நடுங்குதற்கு இடமில்லை. எனவே, கொலைக்குற்றம் என்னும் அளவில் நண்பர் கூறியது பெரும்பாலும் உண்மையே. இதனை ஒப்புக்கொள்ளச் சைவர் அஞ்சவேண்டுவதில்லை.

பெரும்பாலும் என்றது ஏனெனில், அவ்வணுக்களை வளர்க்கும் நீரில் நெடுங்காலம் கலக்கப்பட்டு வந்தது, சினைப்பசுவைக் கொன்றபின் அதன் வயிற்றுக் கன்றின் குருதியினின்று வடிக்கும் ஊனீர். அது கலவாத முறைக்குச் சிங்கப்பூர் 2023-ல் இசைவளித்தது. ஆகவே எம்முறையில் விளைந்தது என வினவாமற் கொலையற்றது என்று துணிதல் ஏலாது.

ஊனீரும் முற்றும் நீங்கிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஆகுமோ? திருவள்ளுவர் புலால்மறுத்தலை 26-ஆம் அதிகாரமாகவும், கொல்லாமையை 33-ஆம் அதிகாரமாகவும் வேறுவேறு வைத்தனர். கொலை ஒன்றே காரணமாயின் ஓரதிகாரம் அமையும். புலால்மறுத்தல் அருளுடைமையை அடுத்து நிற்கின்றது. மற்றோர் உடலைத் தன் நாவிற்குரிய பண்டமாகக் காணும் அந்நோக்கே அருளுக்கு மாறு. கத்தி விழுதல் அதன்பின் நிகழ்வது. கொல்லாது விளைத்த ஊன் கத்தியை விலக்குகின்றது, நோக்கை விலக்குவதில்லை. ஊனின் சுவையும் மணமும் இம்மியும் குறையாதிருக்கவேண்டும் என்பதே அதனை ஆக்குவோர் முயற்சியெல்லாம்.

கண்ணப்பர் ஊனமுது படைத்திலரோ என்பாரும் உளர். அவரைச் சான்றுகாட்டுவோர் அவர் இடந்தளித்த கண்ணையும் உடன் காட்டுவாராக.

இவ்வாறு கூறுதலால் ஊனுண்பார் இதனை உண்ணலாகாது என்பது நம் கருத்தன்று. அவர்க்கு இது நல்லதே. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க 1950-ல் சட்டம் பிறந்தது. 2003-ல் அதனைக் கடுமையாகச் செலுத்த முற்பட்டனர். 2004-ல் அதுவே நீக்கப்பட்டது. அரூர்ப் பக்கத்துச் சிறுதெய்வ விழாக்களிற் கிடாய்கள் இன்றும் வெட்டுண்கின்றன. கொப்பரையூன் ஒரு கிடாயைக் காக்குமாயின் சைவர் மகிழ்தலே முறை.

மற்றொன்றும் சொல்லாதிருக்க இயலவில்லை. ஊனை விலக்கிய நாம் பாலை விலக்கினோமல்லேம். அம்மாவட்டத்து மேட்டுநிலக் குடியானவர் பலர்க்கு இன்று மழையினும் பாலே துணை. கலப்பினப் பசு ஈன்ற காளைக்கன்று உழவிற்கு உதவாது சந்தைக்குச் செல்கின்றது. வற்றிய பசுவும் அவ்வழியே. அவற்றின் முடிவிடம் யாவரும் அறிவர். நாம் அருந்துவதும் பெருமானுக்கு ஆட்டுவதும் அப்பாலே. சிங்கப்பூரில் ஒரு கவளம் உண்டாரை நோக்கி விரல் நீட்டுமுன் இதற்கு விடை தேடவேண்டும். பால் ஆனைந்தில் ஒன்று, ஆகமவிதி என்று கூறின் பூசைக்கு விடையாம், கன்றுக்கு விடையாகாது.

அன்பர்க்கு நாம் கூறுவது இது. அவர் வளர்ந்த மண்ணில் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் அவரையும் விளைகின்றன. ஊனின்றி உடல் தளரும் என்னும் இடையூறு அவர்க்கில்லை. தீக்கைக்காலத்து அவர் ஆசாரியர் முன் விலக்கியது ஊனை. ஊனுள் நேர்ந்த கொலைக்கணக்கை அன்று. ஆதலின் இனி அதனை உண்ணாதிருப்பாராக. உண்ட ஒரு கவளத்திற்குக் கழுவாய் உண்டோ, யாது என்பது அவர்தம் ஆசாரியர்பால் நேரிற் கேட்டறியத்தக்கது. பத்திரிகை வாயிலாக நாம் விதித்தற்குரியதன்று.