முடியாது என்பதும் இல்லை என்பதும்

சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வெளிவந்த மறுவாரம் நமது ஊர்களில் எல்லோரும் ஆலோசகர்களாகி விடுகிறார்கள். பள்ளிவாசல் முற்றத்தில், கடைத்தெருவில், கல்யாண வீட்டுச் சஹனைச் சுற்றி உட்கார்ந்த இடத்தில் என்று, பதினாறு வயதுப் பிள்ளையைக் கண்டவுடன் "என்ன மகன், பயோவா மெற்ஸா?" என்ற கேள்வி வந்து விழுகிறது. ஆலோசனை இவ்வளவு மலிந்த நாட்டில் பாடசாலைக்கென்று தனியாக ஒரு வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் எதற்கு என்று ஒருவர் கேட்டால் அதை வெறும் குதர்க்கம் என்று தள்ளிவிட முடியாது. ஊராரிடம் தகவல் இல்லை, ஆசிரியரிடம் இருக்கிறது என்பது வழமையான பதில். அது உண்மையுங்கூட. ஆனால் தகவல் என்பது ஒரு கைந்நூலில் அடங்கிவிடும் விடயம். வழிகாட்டுபவர் யாருடைய ஆள் என்ற கேள்வி அப்படி அடங்குவதில்லை. பிள்ளையின் முன்னால் அமர்ந்திருக்கும்போது அவர் பிள்ளைக்காகப் பேசுகிறாரா, அல்லது பிள்ளைகளைப் பங்கிட்டு அனுப்பவேண்டிய ஒரு முறைக்காகப் பேசுகிறாரா?

நமது முறையின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். நாட்டிலுள்ள அரச பாடசாலைகள் ஏறத்தாழ 10,000. இவற்றுள் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1 ஏபி என்ற வகையைச் சேர்ந்தவை. அவை 1,000 அளவில்தான். 1 சீ எனப்படுபவை 1,800 அளவில் உள்ளன. அவற்றில் உயர்தரம் உண்டு, ஆனால் விஞ்ஞானமோ கணிதமோ இல்லை, கலையும் வர்த்தகமும்தான். ஏனையவை பதினோராம் ஆண்டுடனோ அதற்கு முன்னரோ முடிந்துவிடுகின்றன.

இப்போது ஒரு 1 சீ பாடசாலையைக் கற்பனை செய்துகொள்வோம். பதினோராம் ஆண்டு வகுப்புக்கு ஆசிரியர் ஒரு படிவத்துடன் வருகிறார். உனது விருப்பம் என்ன, திறமை என்ன, எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறாய் என்று அதில் கேட்டிருக்கிறது. கணக்கில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் 'எஞ்சினியர்' என்று எழுதிக் கொடுக்கிறான். ஆசிரியர் அதைப் பார்க்கிறார். இணைந்த கணிதம் படிப்பிக்க இந்தப் பாடசாலையில் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். நகரத்துப் பாடசாலைக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டும் என்பதும், அங்கே தங்கிப் படிக்கவைக்கப் பையனின் வாப்பாவுக்கு வசதியில்லை என்பதும் தெரியும். கெட்ட மனிதர் அல்ல அவர். பையனின் மனம் நோகக்கூடாது என்று நினைக்கிறார். ஆகவே, "மகன், உங்கட பெறுபேற்றுக்கு ஆர்ட்ஸ்தான் பொருத்தம்" என்கிறார்.

நான் பேச விரும்புவது இந்தப் 'பொருத்தம்' என்ற சொல்லைப் பற்றித்தான். ஊரில் இல்லாத ஒன்றை, பிள்ளையிடம் இல்லாத ஒன்றாக அது மாற்றிவிடுகிறது. பையன் அன்று வீட்டுக்குப் போகும்போது தன்னைப் பற்றிய ஒரு செய்தியைக் கொண்டுபோகிறான். அந்தச் செய்தி பொய். நாட்டைப் பற்றிய செய்தி ஒன்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்; அது சொல்லப்படவில்லை.

இந்தச் சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு வரலாறும் இருக்கிறது. 1971 ஏப்ரலில் படித்த இளைஞர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். அதே ஆண்டில் சர்வதேச தொழில் தாபனத்தின் சார்பில் டட்லி சியர்ஸ் தலைமையிலான குழு இலங்கை பற்றித் தனது அறிக்கையை வெளியிட்டது. தொழில் வாய்ப்புகளையும் எதிர்பார்ப்புகளையும் ஒன்றோடொன்று பொருத்துவது என்பதே அவ்வறிக்கையின் தலைப்பு. தலைப்பை ஊன்றிப் பார்த்தால் பொருத்துவதற்கு இரண்டு வழிகள் இருப்பது தெரியும். வாய்ப்பை எதிர்பார்ப்பின் உயரத்துக்கு ஏற்றலாம். அல்லது எதிர்பார்ப்பை வாய்ப்பின் மட்டத்துக்கு இறக்கலாம். முதலாவதற்குப் பணமும் காலமும் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு பாடத்திட்டமும் சில ஆசிரியர்களும் போதும்.

1972 இன் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. பிரதேசத்தில் உள்ள தொழிலை மாணவர் பாடசாலையில் கற்கவேண்டும் என்பது அதன் எண்ணம். அதை முற்றாகக் குறைகூற எனக்கு மனமில்லை. கையால் செய்யும் வேலைக்கு வகுப்பறையில் ஓர் இடம் கிடைத்தது அப்போதுதான். ஆனால் மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளைக்கு மீன்பிடியும் நெசவுக் கிராமத்துப் பிள்ளைக்கு நெசவும் என்றபோது பெற்றோருக்கு வேறொன்று விளங்கியது. தாங்கள் எந்த வாழ்க்கையிலிருந்து பிள்ளையைக் கரையேற்றப் பாடசாலைக்கு அனுப்பினார்களோ, பாடசாலை அதற்குள்ளேயே அவனைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறது என்பதே அது. கொழும்புக்குப் பால், நமக்குக் கெக்கரிக்காய் என்ற சிங்களப் பேச்சு வழக்கு இத்தகைய மனக்கசப்பைத்தான் சொல்கிறது. 1977 இல் ஆட்சி மாறியதும் இச்சீர்திருத்தத்தின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் பழைய பெயர்களோடு திரும்பி வந்தது. கசப்பு மட்டும் போகவில்லை. 2017 இல் பதின்மூன்று வருடக் கல்வி என்ற திட்டத்தின் கீழ், சாதாரண தரத்தில் சித்தியடையாதோருக்கும் தொழிற்பாடங்களுடன் உயர்தர வகுப்புத் திறக்கப்பட்டபோதும், "அது தோற்ற பிள்ளைகளின் வகுப்பு" என்ற பேச்சு எழத்தான் செய்தது.

தொழிற்கல்வியைச் சிபாரிசு செய்யும் ஆசிரியரை மாணவன் ஒருவன், "சேர், உங்கட மகனையும் அங்கதானா அனுப்புவீங்க?" என்று கேட்டால் என்ன பதில்? மொரட்டுவையிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகத்தில் கற்று வெளியேறிய ஒருவன், வேலையின்றித் திரியும் பட்டதாரியை விட நன்றாகவே வாழக்கூடும். அதை ஆசிரியர் மனதார நம்பினால் தன் மகனுக்கும் அதைச் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் அவரது வார்த்தைக்கு வகுப்பில் எடை இருக்கும். தன் பிள்ளைக்கு ரியூஷன் மாஸ்டரைத் தேடிக்கொண்டு அயலான் பிள்ளைக்குத் தச்சுவேலையின் மகத்துவத்தைப் போதிப்பவரை மாணவர் எப்படியும் கண்டுபிடித்து விடுவார்கள்.

தொழில் வழிகாட்டல் என்ற துறைக்கு அத்திவாரமிட்டவர் என்று பாடநூல்கள் குறிப்பிடுவது ஃபிராங் பார்ஸன்ஸை. 1908 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இதற்கென ஒரு பணியகத்தைத் தொடங்கிய அவர் அதே ஆண்டில் மறைந்தார். நூல் அடுத்த ஆண்டில் வெளிவந்தது. தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டுக்குமிடையிலான தொடர்பை நேர்மையாகச் சிந்தித்தல் என்ற மூன்று படிகள் அவருடையவை. முடிவெடுப்பவன் இளைஞனே என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நமது பயிற்சிநெறிகளிலும் இம்மூன்றும் ஏதோ ஒரு வடிவில் உள்ளன. ஆனால் பார்ஸன்ஸின் இளைஞன் ஆலைகளும் அலுவலகங்களும் நிறைந்த ஒரு துறைமுக நகரத்தில் நின்றுகொண்டு யோசித்தான். நமது பையன் எங்கே நின்று யோசிக்கிறான் என்ற நான்காவது படி ஒன்று இங்கே தேவைப்படுகிறது. உன்னிடம் இல்லாதது எது, உனக்கு எட்டாதபடி வைக்கப்பட்டிருப்பது எது என்று பிரித்துக் காட்டுவதே அந்தப் படி.

உயர்தரத்துக்குப் பின்னர் இந்தப் பிரிப்பு இன்னும் அவசியமாகிறது. அண்மைய ஆண்டுகளில் பல்கலைக்கழகத் தகைமை பெறுவோர் 150,000 ஐத் தாண்டுகின்றனர். அனுமதி கிடைப்பதோ 45,000 அளவிலானோருக்கே. இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்ப, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பங்கிடப்படுகின்றன. 2001 முதல் இஸட் புள்ளி நடைமுறையில் இருக்கிறது. நான்காம் தசமதானத்தில் ஒரு பிள்ளை உள்ளே போகிறது, மற்றது வெளியே நிற்கிறது. வெளியே நின்ற பிள்ளையை ஊர் 'பெயில்' என்கிறது. அந்தப் பிள்ளை சித்தியடைந்திருக்கிறது, தகைமையும் பெற்றிருக்கிறது. இடம்தான் இல்லை. இதை அந்தப் பிள்ளைக்கும் அதைவிட முக்கியமாக அதன் உம்மாவுக்கும் ஒருவர் உட்கார்த்தி வைத்துச் சொல்லவேண்டும்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதை இலேசாக எடுக்கக்கூடாது. "குறை உன்னுடையதல்ல, நாட்டினுடையது" என்று பதினெட்டு வயதில் சொன்னால் பிள்ளை முயற்சியைக் கைவிட்டுவிடும், அல்லது ஆத்திரத்தோடு வளரும் என்பார்கள். ஆத்திரம் என்ன செய்யும் என்பதை இந்த நாடு 1971 இலும் எண்பதுகளின் இறுதியிலும் கண்டது. சோம்பேறிக்கு இது வாய்ப்பான சாக்காகவும் அமையலாம். உண்மைதான். ஆனால் 'முடியாது' என்று கேட்ட பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. 'இங்கே இல்லை' என்று கேட்ட பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்கும். திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இருக்கிறது. வெளிவாரிப் பட்டங்கள் இருக்கின்றன. தேசிய தொழிற் தகைமையில் படிப்படியாக ஏறிப் பட்டம் வரை போகும் பாதையும் இருக்கிறது. இவற்றை மாற்று வழி என்று சொல்வதற்கு, முதல் வழி ஏன் அடைபட்டது என்பதை உள்ளபடி சொல்லியிருக்க வேண்டும். அதோடு, உண்மையிலேயே முடியாத இடத்தில் 'முடியாது' என்று சொல்லவும் ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். மூன்றாந் தடவையும் பயோ எழுதப்போகும் பிள்ளையிடம் இனிமையாகப் பேசி அனுப்புவதும் ஒருவகைப் பொய்தான்.

இங்கு இமாம் கஸ்ஸாலியின் ஞாபகம் வருகிறது. இஹ்யாவின் அறிவு பற்றிய முதற் பாகத்தில் அவர் பர்ளு கிபாயாவான அறிவுகளைச் சொல்லும்போது வைத்தியத்தையும் கணக்கையும் மட்டுமன்றி விவசாயம், நெசவு, தையல், இரத்தம் குத்தி எடுத்தல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறார். முஸ்லிம் வைத்தியரே இல்லாத ஊர்களில்கூட மாணவர் கூட்டம் பிக்ஹின் தர்க்கப் பிரிவுகளில் நெரிபடுவதை அவர் கடிந்துகொள்கிறார். அதற்கான காரணத்தையும் அவர் மூடிமறைக்கவில்லை. வைத்தியம் படித்தால் வக்பு சொத்தையோ அநாதைகளின் சொத்தையோ நிர்வகிக்கும் பொறுப்பும் காழிப் பதவியும் வாய்க்காது என்பதுதான். தொள்ளாயிரம் ஆண்டுகளின் பின் நாம் நெரிபடும் வாசல் மாறியிருக்கிறது. நெரிபடும் காரணம் மாறவில்லை.

இந்த நியாயத்தைத் தலைகீழாகப் பிடித்து ஒரு பிள்ளையின் தலையில் அடிக்கவும் நமக்குத் தெரியும். "சமூகத்துக்கு இது தேவை, ஆகவே நீ இதைப் படி" என்கிறோம். ஆனால் கிபாயா என்பது ஊரின் மேல் விழுந்த கடமை. செய்யக்கூடியவர் வேறெவரும் இல்லை என்றாகும் வரை அது குறிப்பிட்ட ஒரு தனிமனிதனைப் பிடிப்பதில்லை. ஊருக்கு வைத்தியர் வேண்டுமென்றால் விஞ்ஞான ஆசிரியரைத் தேடுவது, ஆய்வுகூடம் கட்டுவது, தூரத்துப் பிள்ளை தங்கிப் படிக்க இடம் கொடுப்பது எல்லாம் ஊரின் பங்கு. அதைச் செய்யாத ஊர் பையனின் தோளில் கைபோட்டு ஆலோசனை சொல்வது மலிவான காரியம்.

பெண்பிள்ளைகளின் விடயத்தில் 'பொருத்தம்' இன்னும் தாராளமாகப் புழங்குகிறது. ஆசிரியத் தொழில் பொருத்தம். வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தால் மிகப் பொருத்தம். நல்ல ஆசிரியைகள் நமக்கு வேண்டும்தான். கல்வியியற் கல்லூரிகளுக்கு விரும்பிப் போகும் பிள்ளைகளை நான் சொல்லவில்லை. எந்திரவியலுக்குப் போதுமான புள்ளி பெற்ற பிள்ளையிடம், "இது உங்களுக்குச் சரிவராது" என்று சொல்லப்படுவதைத்தான் சொல்கிறேன். வீட்டில் விரும்பவில்லை என்றால் வீட்டில் விரும்பவில்லை என்றே சொல்லுங்கள். வீட்டாரோடு பேசிப் பார்க்கலாம், பிறகு ஒரு நாள் அவர்கள் மனம் மாறவும் கூடும். தன் மூளைக்கு அது எட்டாது என்று நம்பிவிட்ட பெண்ணுக்குப் பேசிப் பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை. பேசும்போதும் பிள்ளையின் சம்மதத்தோடு பேசவேண்டும். பல பாடசாலைகளில் ஆலோசனை ஆசிரியரே ஒழுக்காற்றுப் பொறுப்பையும் சுமக்கிறார். காலையில் பிரம்போடு நிற்பவரிடம் மாலையில் யார் மனம் திறப்பார்? திறந்தாலும் அது ஆசிரியர் ஓய்வறையில் தேநீரோடு பரிமாறப்படாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஆசிரியரும் தனிமனிதர் அல்லர். பாடசாலையின் சித்தி வீதம் அவர் தலைக்கு மேல் தொங்குகிறது. கெட்டிக்காரப் பிள்ளை இங்கேயே இருந்து பாடசாலைக்குப் பெயர் வாங்கித் தரவேண்டும், பலவீனமான பிள்ளை வேறிடம் போனால் நல்லது என்ற எதிர்பார்ப்பு வாய்விட்டுச் சொல்லப்படாமலே அவரை வந்தடைகிறது. இந்த நிலையில் அவரிடமிருந்து பெரும் புரட்சியை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் ஒரு சிறு காரியம் அவரால் முடியும். தான் நிரப்பும் படிவத்தில் பிள்ளை தெரிந்த பாடத்தோடு, கேட்டும் கிடைக்காத பாடத்தையும் ஏன் கிடைக்கவில்லை என்பதையும் ஒரு பத்தியில் எழுதி வைக்கலாம். ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை, பஸ் இல்லை, விடுதி இல்லை, வீட்டில் விடவில்லை. ஐந்து வருடம் எழுதினால் போதும். இந்த ஊரில் கணிதப் பிரிவு கேட்க ஆளில்லை, அதனால்தான் தொடங்கவில்லை என்று வலயக் கல்விப் பணிமனையில் யாராவது சொன்னால், அந்தக் கொப்பியை எடுத்து மேசையில் வைக்கலாம்.