ஆலோசனை எனும் அமானிதம்

ஆள்வோருக்கு அறிவுரை கூறுகின்றவர், அவ்வறிவுரையால் விளையும் அழிவில் எவ்வளவு பங்குடையவர்? பண்டை அரசவைகளில் அமைச்சர் மன்னரின் கண்முன் நின்று பேசினார். பிழைத்தால் தலை போகும். இன்றோ அப்பணியில் பெரும்பகுதியை, தேர்தலில் நில்லாத, படையிலும் சேராத ஆராய்ச்சி நிலையங்கள் ஏற்றுள்ளன. அவற்றைச் 'சிந்தனைக் குழாம்' என்கின்றனர்.

அவற்றுள் பெயர் பெற்றது அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம். 1946-இல் ராணுவ விமானப் பிரிவின் திட்டமாக, டக்ளஸ் விமானக் கம்பெனியின் நிழலில் தோன்றி, 1948-இல் தனி நிறுவனமாயிற்று. கணித வல்லாரும் பொருளியலாரும் அங்கே அணு யுத்தத்தைத் தாளிலேயே நடத்திப் பார்த்தனர்!

வியட்நாம் போரில் அதன் பங்கை ஈண்டு எண்ணிப் பார்ப்போம். 1964 முதல் ராண்ட் ஆய்வாளர்கள் வியட்காங் கைதிகளையும் சரணடைந்தோரையும் பேட்டி கண்டனர். இவர்கள் எதற்காகப் போரிடுகின்றனர் என்பதே கேள்வி. முதலிற் சென்றோர், இவர்கள் உறுதி குலையாதவர்கள் என்றனர். பின்னர்ப் பொறுப்பேற்ற லியோன் கூரே, குண்டுவீச்சால் பகைவரின் மனம் தளர்கிறது என்று எழுதினார். வாஷிங்டன் அதனை விரும்பிக் கேட்டது. அப்பேட்டிகளையே படித்த கொன்ராட் கெல்லன், இவர்களை அச்சுறுத்திப் பணியவைக்க இயலாது என்ற முடிவுக்கு வந்தார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. 1969 அக்டோபரில் அவரும் டேனியல் எல்ஸ்பெர்க்கும் உள்ளிட்ட ராண்ட் அறிஞர் அறுவர், அமெரிக்கா தானே வெளியேற வேண்டுமெனப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினர். போரோ 1975 வரை நீண்டது.

கூரே பொய்யுரைத்தார் என்று நாம் கூறவில்லை, நம்பியதையே எழுதியிருக்கலாம். ஆயின் விமானப் படையைத் தலையாய புரவலராகக் கொண்ட நிலையம், 'விமானம் பயன்படவில்லை' என்று சொல்ல எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! கெல்லனுக்கு அது இருந்தது. கேட்கும் செவிதான் இல்லை.

நம் இல்லங்களில் திருமணம் முதல் பாகப்பிரிவினை வரை மஷ்வரா செய்கிறோம். ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதத்தைச் சுமப்பவர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்திய நெறி. அவ்வமானிதம் யாருக்குரியது? கேட்டவருக்கு மட்டுமா, எவரும் கேளாத, குண்டு விழும் கிராமத்தாருக்குமா? இருவருக்கும் என்பதே நம் துணிபு. குறைந்த அளவு, இத்தகைய அறிக்கை ஒவ்வொன்றும் எவர் பணத்தில் எழுதப்பட்டது என்பதை முதற்பக்கத்திலேயே கூறட்டும். மாறுபட்ட முடிவு கண்டவரின் எழுத்தையும் உடன் சேர்த்தே அமைச்சரின் மேசையில் வைக்கட்டும்.