நல்ல நாளுக்கு எடுத்து வைத்தது

என் மாணவி ஒருத்தி சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொள்கிறாள். அவளுடைய அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி, பந்தயத்தை விட்டுவிட்ட ஒரு வீராங்கனையிடமிருந்து பழைய கார்பன் சக்கரங்கள் இரண்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். வாங்கிய அன்றே அவற்றை நைந்த பருத்திப் புடவையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். போட்டியன்றைக்கு இறக்கினால் போதும் என்பது உத்தரவு. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவள் என்னிடம் கேட்டாள்: "அம்மா, அந்தச் சக்கரத்தைப் பயிற்சிக்கு எடுக்கலாமா, போட்டிக்குன்னு அப்படியே வச்சிருக்கணுமா?" தமிழ்த் துறையில் எங்களை அம்மா என்றுதான் அழைப்பார்கள். அந்த நேரத்தில் அவள் கேள்வி என்னிடம் மட்டும் கேட்கப்பட்டதாகத் தோன்றவில்லை.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அந்தச் சக்கரத்தில் பிரேக் கட்டை ரிம்மையே பிடிக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ரிம் கொஞ்சம் தேய்கிறது. லாரிகள் ஓடிக் குழிவிழுந்த சாலையில் ஓங்கி இடித்து விரிசல் கண்டால் முடிந்தது கதை. மறுபடி வாங்கித்தர யாருமில்லை. ஆனால் காற்றைக் கிழித்துப் போவதற்காக உயரமாகச் செய்யப்பட்ட அதே ரிம்மைப் பக்கக்காற்று பிடித்துத் தள்ளும். செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்தைக் கடப்பவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். மழையில் நனைந்தால் பிரேக் சற்றுத் தாமதித்தே பிடிக்கும். இதெல்லாம் கைக்குப் பழகாமல் போட்டியன்று முதல்முறையாக ஏறி உட்கார்ந்தால் விழப்போவது அவள்.

உடனே பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். பீரோவில் என் அம்மாவின் கூறைப்புடவை இருக்கிறது. அரக்கு நிறம், பச்சைக் கரை. கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் கோர்வையாக நெய்தது. கோர்வைத் தறியில் ஒருவர் உட்கார்ந்து நெய்தால் ஆகாது. கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் பக்கத்தில் வேண்டும். இருவர் பல நாள் உட்கார்ந்து செய்த அந்தப் புடவையை என் அம்மா வாழ்நாளில் மூன்று முறை உடுத்தினாள். நல்ல நாள் வரட்டும் என்றாள். நல்ல நாட்கள் வந்தன. அப்போதெல்லாம் அடுப்படியில் நின்றாள், பட்டு பாழாகிவிடும் என்று நூல் புடவையில் நின்றாள். அப்பா இறந்த பிறகு அதை அவள் தொடவில்லை. உடுத்தாதே என்று யாரும் சொல்லவில்லை. உடுத்திக்கொள் என்றும் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. அவளும் போன பிறகு புடவையைப் பிரித்தேன். மடிப்பு விழுந்த இடங்களில் கோடு போட்டதுபோல் பட்டு விட்டுப்போயிருந்தது.

எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பட்டைப் பல வருடம் ஒரே மடிப்பில் வைத்தால் மடித்த இடத்திலேயே இழை அறும். அவ்வப்போது எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, வெள்ளை வேட்டியில் சுற்றி வைக்க வேண்டும். பத்திரப்படுத்திய பொருளுக்கும் வயதாகிறது. உடுத்தித் தேய்வது கண்ணுக்குத் தெரிகிறது. உடுத்தாமல் இற்றுப்போவது தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் சொல்லிவிட்டு, "ஆகவே பெண்களே, இன்றே உடுத்துங்கள்" என்று முடித்துவிடலாம். ஜவுளிக்கடை விளம்பரமும் அதைத்தான் சொல்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் என் வாயிலிருந்து வரும்போது அது இன்னும் சுலபமாக வருகிறது. இன்னொன்று வாங்க முடிந்தவர்களுக்குத்தான் இருப்பதைத் தேய்ப்பது சுதந்திரம். பிள்ளையார்பாளையத்தின் தறி வீடுகளில் பட்டு உடுத்துவதற்கானதல்ல, கூலிக்கானது. அந்த வீட்டுப் பெண்கள் தார் சுற்றுகிறார்கள், அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கிறார்கள். அந்த வேலைக்குத் தனிக் கூலி இல்லை. நெய்கிறவரின் கணக்கிலேயே அது கரைந்துவிடுகிறது. என் மாணவியின் அம்மா அப்படிப்பட்டவர். கிடைத்த ஒன்றைப் பொத்திவைப்பது அவருக்குப் பழமைவாதம் அல்ல, கணக்கு. எங்கள் அம்மாக்களின் பட்டுக்கும் அந்தக் கணக்கு உண்டு: ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஜரிகைப் புடவையையும் விலைக்குப் போடலாம்.

பிரியதர்ஷன் இயக்கி 2008-இல் வந்த 'காஞ்சிவரம்' படத்தில் ஒரு நெசவாளித் தந்தை, மகளின் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை நெய்வதாக வாக்குக் கொடுக்கிறார். வேலை செய்யும் இடத்திலிருந்து பட்டிழையை வாயில் ஒளித்துக் கொண்டுவந்து இரவில் நெய்கிறார். கடைசியில் முடியாத அந்தத் துணி மகளின் சடலத்தின்மேல் போர்த்தப்படுகிறது. அவளை முழுதாக மூடவும் போதவில்லை. அந்தத் தகப்பனின் அன்பை நான் சந்தேகிக்க மாட்டேன். ஆனால் அத்தனை வருடமும் அந்தப் பெண் ஒரே ஒரு நாளுக்காக வளர்ந்துகொண்டிருந்தாள் என்பது என்னை உறுத்துகிறது.

எடுத்து வைப்பதா, எடுத்தாள்வதா என்பதைவிட, எது நல்ல நாள் என்று யார் குறிக்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. பெண்ணின் பட்டு வெளியே வரும் நாட்களை எண்ணிப் பாருங்கள். கல்யாணம், வளைகாப்பு, பிள்ளைக்குக் காதுகுத்து, நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசம். எல்லாம் பிறர் பார்க்கும் நாட்கள். பெரும்பாலும் பிறருடைய நாட்கள். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை பட்டு உடுத்திப் போனால் "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்கிறார்கள். எனக்கே இது நடந்தது. ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாமல், யாருக்கோ பிறந்தநாள் என்று பொய் சொன்னேன். நாற்பது வயதைத் தாண்டி, முனைவர் பட்டம் வாங்கி, பெண்ணியம் பாடம் நடத்தும் ஒருத்தி, தன் சாதாரண நாளுக்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தாள்.

எடுத்து வைப்பதன் மகிமை இந்த ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அத்திவரதர் 40 ஆண்டுகள் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கிறார். 1979-க்குப் பிறகு 2019-இல் வெளியே வந்தார். 48 நாள் தரிசனம், தெருவெல்லாம் ஜனம். அந்த வரிசையில் நானும் நின்றேன். ஆனால் அவர் குளத்துக்குள் இருந்த காலத்தில் கோயில் மூடிக் கிடக்கவில்லை. மூலவருக்குத் தினமும் பூஜை நடந்தது. உற்சவர் கருட சேவைக்கு வீதி வந்தார். தினசரிக்கு ஒருவர் இருப்பதால் இன்னொருவர் ஓய்வில் இருக்க முடிகிறது. திரும்ப வரும் வருடமும் அவருக்கு நிச்சயம். என் அம்மாவுக்கு அந்த நிச்சயம் யாரும் கொடுக்கவில்லை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரமாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ள அதுவே தோது என்றும் கண்டார்கள். அந்தப் பெண்களுக்குச் சைக்கிள் விழா நாளுக்கானது அல்ல. தண்ணீர் கொண்டுவரவும் வேலைக்குப் போகவும் பழகிய கையில்தான் அந்த மாற்றம் தங்கியது.

மறுநாள் மாணவியிடம் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். கல்லூரிக்கு வர, மழையில் போக, பழைய சக்கரமே இருக்கட்டும். போட்டிக்கு முந்தைய வாரங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் நல்ல சாலையில் புதிய சக்கரத்தை ஓட்டு. பாலத்துக் காற்றில் ஓட்டு. பிரேக் எங்கே பிடிக்கிறது என்று கை அறியட்டும். பந்தய நாள் ஒன்றுதான் உன்னுடைய நாள் என்று நினைக்காதே; விடியற்காலையில் ஐந்து மணிக்கு நீ தனியாக ஓட்டும் அந்த இருபது கிலோமீட்டரும் உன்னுடையதுதான். இதையெல்லாம் உன் அம்மாவிடம் நீயே பேசு, என்னைக் காட்டிப் பேசாதே என்றும் சொன்னேன். கடன் அவருடையது. அவருக்குத் தெரியாமல் பரணிலிருந்து இறக்கினால் அதற்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்ட எனக்கு மனமில்லை.

அவர்கள் வீட்டில் இரண்டு நாள் சண்டை நடந்ததாம். பிறகு அம்மா ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். இப்போது செவ்வாயும் வெள்ளியும் அவள் பாலாற்றுப் பாலம் தாண்டி வந்தவாசி சாலையில் போய்த் திரும்புகிறாள். திரும்பியதும் சக்கரத்தைத் துடைத்து அம்மாவிடம் தர வேண்டும். அவர் அதை மடியில் வைத்து, ரிம்மின்மேல் விரலை மெல்ல ஓட்டிச் சுற்றிப் பார்க்கிறார். பாவில் அறுந்த இழையைத் தேடிப் பழகிய விரல். விரிசல் இருந்தால் கண்ணுக்கு முன்னால் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும் என்கிறாள் என் மாணவி. போட்டி அடுத்த மாதம்.