எதிரியில்லாத சாவு

போரில் செத்தவனைப் பற்றி நம் புறப்பாடல்கள் கேட்கிற கேள்வி, புண் மார்பிலா முதுகிலா என்பது. மார்பில் என்றால் நடுகல். முதுகில் என்றால் பெற்றவளுக்கும் தலைகுனிவு. கொடூரமான கேள்விதான். ஆனால் அதில் ஒரு சௌகரியம் உண்டு: எதிரே ஒருவன் நின்றான் என்பதை அது சந்தேகிப்பதில்லை. எதிரே யாருமே நிற்காமல் நேர்ந்த போர்ச்சாவை என்ன செய்வது?

1943 டிசம்பர் 16ஆம் தேதி இரவு இந்தக் கேள்வியாகவே என் மனசில் தங்கிவிட்டது. அன்று மாலை பிரிட்டிஷ் விமானப்படை 480க்கும் மேற்பட்ட லங்காஸ்டர் விமானங்களைப் பெர்லின்மீது குண்டு வீச அனுப்பியது. விமானத்துக்கு ஏழு பேர். 25 விமானங்கள் அந்தத் தாக்குதலில் அழிந்தன. மிஞ்சியவை நள்ளிரவையொட்டி இங்கிலாந்தின் கிழக்குப் பகுதிக்குத் திரும்பியபோது தரையைக் காணோம். மூடுபனி. பெட்ரோல் தீர்ந்துகொண்டிருக்கிறது. உயரமானி காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கும். கீழே மேடா, மரமா என்பது அதற்குத் தெரியாது. ஓடுபாதையின் இருபுறமும் பெட்ரோலைக் கொளுத்திப் பனியை விலக்கும் ஏற்பாடு ஒருசில தளங்களில்தான் இருந்தது. சிலர் பாராசூட்டில் குதித்தார்கள். சிலர் இறங்கப் பார்த்துத் தரையில் மோதினார்கள். ஏறத்தாழ 30 விமானங்கள் இப்படிப் போயின. சுமார் 150 பேர் செத்தார்கள். கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பூர்ன் தளத்திலிருந்து கிளம்பிய 97ஆம் ஸ்குவாட்ரன் மட்டும் பனியில் 7 விமானங்களை இழந்தது. அந்த நாளுக்குக் 'கறுப்பு வியாழன்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

பெர்லினுக்கு மேலே செத்தவர்களைவிட இவர்கள் ஏன் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறார்கள்? வீட்டுக்கு அருகே செத்தார்கள் என்பதாலா? இந்தப் படையில் கனடாக்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், நியூசிலாந்துக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு வீடு என்பது ஒரு தகரக்கொட்டகைக் கட்டிலும் திரும்பி வந்ததும் கிடைக்கிற பொரித்த முட்டையும்தான். ஆனாலும் அபாயம் கணக்குத் தீர்ந்துபோன எல்லை ஒன்று இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். அதைத் தாண்டி வந்தவனுக்கு உயிர் பாத்தியதை என்று நினைக்கிறோம். பனி அந்த நம்பிக்கையை மதிக்கவில்லை. யாரையாவது வெறுத்து ஆறிக்கொள்ளவும் அது இடம் வைக்கவில்லை.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். ''அவர்கள் என்ன காரியம் முடித்துவிட்டுத் திரும்பினார்கள் என்பதை மறந்துவிட்டீர்கள். பெர்லினில் செத்தவர்கள் வீட்டுக்கு அருகே சாகவில்லை, வீட்டுக்குள்ளேயே செத்தார்கள். பனியை ஒரு தீர்ப்பு என்று ஏன் கொள்ளக்கூடாது?''

அவர் சொன்னதில் முதல் பாதி என்னை வாயடைக்க வைத்தது. பின்பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. பனி யாரையும் விசாரிக்கவில்லை. அதே குண்டுகளை வீசியவர்களில் பெரும்பாலோர் அன்றிரவு பத்திரமாக இறங்கித் தூங்கினார்கள். இதைத் தீர்ப்பு என்றால், பெர்லினில் குழந்தைமேல் விழுந்த குண்டையும் தீர்ப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். இயற்கைக்கு நீதிபதி வேஷம் போடுவது மனிதர்கள் தீர்மானித்ததை மறைக்கத்தான் உதவும். பெர்லினைத் தாக்கத் தீர்மானித்தவர்களும், அந்த இரவில் அனுப்பத் தீர்மானித்தவர்களும் பனியல்ல.

இதற்கு எதிர்ப்புறம் இன்னொரு சுலபமான வழி இருக்கிறது. இவர்கள் சராசரியாக 22 வயதுப் பையன்கள், சொன்னதைச் செய்தார்கள், பாவம் என்று முடித்துவிடுவது. இதுவும் எனக்குச் சம்மதமில்லை. அத்தனை பேரும் தாங்களாக முன்வந்து சேர்ந்தவர்கள். அவர்களைப் பையன்களாக்கிவிட்டால், அவர்கள் செய்ததையும் பயந்ததையும் பயத்தோடு மறுபடி ஏறிப் போனதையும் சேர்த்தே அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

நம் சிக்கல், துக்கத்தை ஒரு நற்சான்றிதழாக நினைப்பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. செத்தவன் தகுதியானவனா என்று பார்த்துவிட்டுத்தான் அழ வேண்டும் என்றால் புறப்பாட்டின் கேள்வியை நாம் இன்னும் விடவில்லை என்று அர்த்தம். எதிரியில்லாத சாவு அந்தக் கேள்வியைச் செல்லாததாக்குகிறது. மார்பிலும் புண்ணில்லை, முதுகிலும் இல்லை. துக்கம் மட்டும் மிஞ்சுகிறது. பெர்லினைப் பற்றிய கேள்வியும் அப்படியே மிஞ்சுகிறது. ஒன்று மற்றதைத் தீர்த்துவைக்காது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

லண்டன் கிரீன் பார்க்கில் இந்தப் படையின் 55,573 பேருக்காக 2012இல் ஒரு நினைவகம் திறந்தார்கள். எதிர்ப்பும் இருந்தது. அந்த எண்ணிக்கை, சுடப்பட்டவன் யார், பனியில் மோதியவன் யார் என்று பிரித்துச் சொல்வதில்லை. குண்டுவீச்சில் மாண்ட எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகம் ஒன்றும் அங்கே பொறித்திருக்கிறது. நடுவில் ஏழு வெண்கல உருவங்கள் நிற்கின்றன. ஒரு விமானத்தின் ஏழு பேர், அப்போதுதான் பயணம் முடித்து இறங்கியவர்களாக.

அவர்கள் காலடியில் தரை இருக்கிறது. அந்த வியாழக்கிழமை தேடியது அதைத்தான்.